எத்தனை மாதம் இருப்பீர்கள்?

சொந்த வீடு என்ற ஆசை மனிதனுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் ஒரு நோயாக முற்றுகிறது. அதுவரை வாடகை வீடே போதும் என்று இருந்தவன், நாற்பதைத் தாண்டியதும் பிறர் வீட்டு ஜன்னல்களையும் கதவு நிலைகளையும் பொறாமையோடு பார்க்க ஆரம்பிக்கிறான். எனக்கும் அந்த நோய் வந்தது. ஆனால் அதில் ஒரு விசேஷம். மற்றவர்கள் ஊருக்குள் மனை தேடினார்கள். நான் மலைமேல் தேடினேன்.

கதை எழுதுகிறவனுக்கு மலை ஒரு பலவீனம். என் கதாநாயகன் மனம் நொந்துபோனால் அவனை உதகமண்டலத்துக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். இதுவரை ஐந்து நாவல்களில் அனுப்பியிருக்கிறேன் என்று என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள். அங்கே மூடுபனி இருக்கும். ஒற்றையடிப் பாதை இருக்கும். இரண்டே அத்தியாயங்களில் அவன் தெளிந்துவிடுவான். இத்தனை பேரை அனுப்பி வைத்தவன் ஒருநாள் தானே போகலாமே என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்படித்தான் பைக்காரா குறுக்கிட்டது. உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பைக்காரா. அது ஆற்றின் பெயர்; ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது. முக்குருத்திச் சிகரத்தின் பக்கம் பிறக்கிற அந்த ஆறு, புல்மேடுகளுக்கு நடுவே சாதுவாக நடந்து, பிறகு அருவியாகக் குதித்து, மலையிறங்கி, மாயாறு என்று பேரை மாற்றிக்கொண்டு, பவானிசாகரில் பவானியோடு கலந்துவிடுகிறது. அங்கே, தேக்கிய நீர்ப்பரப்பு தூரத்தில் தெரிகிற மாதிரி ஒரு சரிவில், ஏழு சென்ட் பட்டா நிலம் விலைக்கு வந்திருப்பதாக ஒரு நண்பர் சொன்னார். போய்ப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். பணம் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

என் பால்ய நண்பன் ஒருவனுடைய மகன் கட்டடக் கலை படித்தவன். நல்ல பையன். நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து பதினைந்து நாளில் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். அப்படியொரு படத்தை நான் பார்த்ததில்லை. சரிவை வெட்டாமல், சரிவு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து கிடந்தது வீடு. சுவர் அந்த நிலத்துக் கல். கூரைமேல் மண் பரப்பிப் புல் வளர்த்திருந்தான். இருந்த மரத்தில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. ஒரு மரத்துக்காகத் தாழ்வாரத்தையே ஒதுக்கிப் போட்டிருந்தான். “நீலகிரியிலே வீட்டோட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு விதி, மாமா. நம்ம வீடு நாலைக்கூடத் தாண்டாது. எதிர்க் கரையிலிருந்து பார்த்தா இங்கே வீடு இருக்கிறதே தெரியாது. வீடே இல்லாத மாதிரி ஒரு வீடு!” என்றான்.

அந்த வார்த்தையில் நான் மயங்கிப்போனேன். என் மனசாட்சிக்கும் அது பிடித்திருந்தது. மலையைக் கெடுக்கிறவர்கள் வேறு யாரோ. நான் மலையோடு மலையாக ஒதுங்கிக்கொள்ளப்போகிறவன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று நாள் அங்கே தங்கி, காற்றும் வெயிலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று பார்த்துவரும்படி பையன் சொன்னான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

அவன் கையில் ஒரு புத்தகமும் கொடுத்தனுப்பினான். அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் கட்டிய வீடுகளைப் பற்றியது. செடி விதையிலிருந்து முளைப்பதுபோல வீடு தன் நிலத்திலிருந்து முளைக்கவேண்டும் என்ற கொள்கைக்கு உலகெங்கும் பேர் வாங்கிக் கொடுத்தவர் அவர். பென்ஸில்வேனியாக் காட்டில் ஓர் ஓடையின் மேல் அவர் 1935இல் திட்டமிட்டுக் கட்டிய வீட்டைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருக்கலாம். பிட்ஸ்பர்க் நகரத்து ஜவுளி மாளிகைச் சொந்தக்காரர் ஒருவர், அருவி தெரிகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று கேட்டார். ரைட் அருவியின் மேலேயே வீட்டை வைத்துவிட்டார். கல்லெல்லாம் அந்த இடத்திலேயே உடைத்த கல். அங்கே கிடந்த பாறையை அகற்றாமல், அதையே அடுப்பங்கரைத் தரையாக வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் எங்கே நின்றாலும் அருவியின் சப்தம் கேட்குமாம்.

பைக்காராவில் முதல் நாள் இரவு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படித்தேன். படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது. ரைட் எங்கே, என் நண்பனின் மகன் எங்கே. ஆனாலும் ஒரே வம்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டீ குடித்த கடைக்காரர், “தோடர் மந்து பார்த்திருக்கீங்களா, சார்?” என்று கேட்டார். மந்து என்பது தோடர்களின் குடியிருப்பு. மந்தை, மன்று என்ற நம்முடைய சொற்களுக்கு அது உறவு என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். உதகமண்டலத்தின் பேரிலேகூட ஒரு மந்து ஒளிந்திருக்கிறது. கடைக்காரருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரையே கூட அழைத்துக்கொண்டு போனேன்.

தோடர் வீட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு பீப்பாயை நெடுக்குவாட்டில் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். சுமார் பத்தடி உயரம், பதினெட்டடி நீளம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் இறுக்கிக் கட்டி, மேலே புல் வேய்ந்திருப்பார்கள். ஆணி கிடையாது. முன்பக்கம் பலகைச் சுவர். அதில் மூன்றடிகூட இல்லாத ஒரு வாசல். தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். குளிர்காற்று உள்ளே வராமல் இருக்கவும், காட்டு மிருகங்களுக்கு அஞ்சியும் அப்படி வைத்தார்கள் என்று சொல்லுவதுண்டு. பின்னால் புல்மேடு ஒன்று அதே வளைவோடு எழுந்து நின்றது. மேட்டைப் பார்த்து வீட்டை வளைத்தார்களா, வீட்டைப் பார்த்து மேடு வளைந்துகொண்டதா என்று கேட்கத் தோன்றியது. என் பையனின் படத்தில் இருந்தது எல்லாம் இங்கே இருந்தது. ஆனால் இதை வரைந்தவன் யாரும் இல்லை.

அந்த மந்தில் இப்படிப்பட்ட குடியிருப்பு வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். சற்றுத் தள்ளி, கற்களை அடுக்கிய சுற்றுச் சுவருக்குள், இதே உருவத்தில் பால்கோவில் இருந்தது. அதன் பக்கம் நாங்கள் போகவில்லை, போகக் கூடாது. அந்த வீட்டுப் பெண்களே போகக் கூடாது என்பது அங்கத்திய விதி. மனிதர்கள் குடியிருந்தது அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில். வெள்ளையடித்த சுவர், நேரான கூரை, இரும்பு ஜன்னல். எனக்கு அது கண்ணில் உறுத்தியது. ஊர்க்காரனுக்கே உரிய அசட்டுத் துணிச்சலோடு அதைச் சொல்லியும்விட்டேன்.

“அந்த வீடுதானே அழகு? ஏன் விட்டுட்டீங்க, ஐயா?”

பெரியவர் சிரித்தார். “அதிலே குனிஞ்சு போகணும். இதிலே நிமிர்ந்து போகலாம்” என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்துகொண்டிருந்த அவர் மருமகள் தலையை நிமிர்த்தாமலே, “உள்ளே ஒரே புகை. எங்க மாமியாருக்குக் கண்ணு போனதே அதிலேதான்” என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறருடைய கண் எரிச்சலில் அழகு பார்க்கிறவன் ரசிகன் ஆகமாட்டான். பேச்சை மாற்றுவதற்காக, மிச்சமிருக்கும் அந்த ஒரு வீட்டின் கூரை நைந்திருக்கிறதே, மாற்றவில்லையா என்று கேட்டேன்.

“புல்லு கிடைக்கலே” என்றார் பெரியவர்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை புல்தான். என் பார்வையை அவர் புரிந்துகொண்டார். “இது எருமை தின்கிற புல்லு. கூரைப் புல்லு வேறே. அது சதுப்பிலே முளைக்கும். சதுப்பு இருந்த இடத்திலே இப்போ தண்ணி நிக்குது. தண்ணி நிக்காத இடத்திலே மரம் நிக்குது.”

அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தில் நீலகிரியின் நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் அடங்கிவிட்டது. அந்தப் புல் இந்த மலைச் சதுப்புகளில் மட்டுமே வளர்வது. தாவர நூலார் அதற்கு வைத்த லத்தீன் பேரில், தென்னிந்தியப் புல் வகைகளை ஆராய்ந்த ரங்காச்சாரி என்ற நம்மவர் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையின் பள்ளங்களில் பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுப்பவை இந்தச் சதுப்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்களுக்குப் புல்வெளி என்றால் வெறும் பொட்டல். விறகு வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடாமல் நட்டோம். பள்ளங்களில் அணை கட்டி நீரைத் தேக்கினோம். இரண்டுக்கும் நடுவில் புல் போயிற்று. புல் போனபின் தோடர் விரும்பினாலும் பழைய வீட்டைக் கட்ட முடியாது. நிலத்திலிருந்து முளைத்த வீட்டுக்கு இதுதான் ஆபத்து: நிலம் செத்தால் வீடும் கூடவே செத்துப்போகிறது.

கிளம்புகிற சமயத்தில், இங்கே நானும் ஒரு சின்ன வீடு கட்டப்போகிறேன் என்று பெரியவரிடம் சொன்னேன். அவரிடம் ஒருவிதமான ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனம் தவித்தது. மரத்தை வெட்டமாட்டோம், கூரையில் புல் வளர்ப்போம் என்றெல்லாம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை மாசம் இருப்பீங்க?”

“கோடையிலே இரண்டு மாசம். ஏதாவது எழுத வேண்டியிருந்தா நடுவிலே ஒரு வாரம்...”

“மத்த நாளு?”

“பூட்டியிருக்கும். யாராவது ஒரு காவல்காரர்...”

“மழைக்கு?”

“மழையிலே வரமாட்டோம்.”

அவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே எருமைகள் எங்கே மேய்கின்றன என்று பார்க்கப் போய்விட்டார். அதில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. கேட்ட விஷயம் தெரிந்துவிட்டது; அவ்வளவுதான்.

அன்று இரவு அந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். முதல் நாள் கண்ணில் படாத ஒரு விஷயம் இப்போது பட்டது. அருவிமேல் கட்டிய அந்த வீடு, அந்த வியாபாரியின் குடும்பம் வார விடுமுறைக்கு வந்துபோவதற்காகக் கட்டியது. இயற்கையோடு இயைந்த வீட்டுக்கு உலகமே உதாரணம் காட்டுகிற வீட்டில் யாரும் வருஷம் முழுவதும் குடியிருந்ததில்லை. 1964 முதல் அது பார்வையாளர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கும் காட்சிசாலை. அருவியின் மேல் நீட்டிக்கொண்டிருந்த தளங்கள் வருஷங்கள் போகப் போகத் தொய்ந்துவிட்டன. 2002இல் உள்ளே எஃகுக் கயிறு கொடுத்து இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ரைட்டின் மேதையைக் குறைத்துச் சொல்ல நான் யார்? கண்ணுக்கு அவ்வளவு இசைவான வீடு உலகத்தில் வேறொன்று இல்லாமல் இருக்கலாம். ஆனால் இசைவு என்பது கண்ணோடு முடிந்துவிடுகிற விஷயமா என்பதுதான் இப்போது என் கேள்வி.

இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு ஆட்சேபணை எழுப்பிக்கொண்டேன். தோடர்களும் வருஷம் முழுவதும் ஒரே மந்தில் இருந்தவர்கள் அல்லவே! புல் காயும் மாதங்களில் எருமைகளை ஓட்டிக்கொண்டு வேறு மந்துக்குப் போய்விடுவது அவர்கள் வழக்கம். அப்போது அவர்கள் வீடும் காலியாகத்தானே கிடந்தது? அவர் பூட்டினால் தர்மம், நான் பூட்டினால் அதர்மமா?

யோசித்துப் பார்த்ததில் வித்தியாசம் புலப்பட்டது. அவர்கள் போனது எருமைக்காக. போனதால் புல் மறுபடி தழைக்கச் சாவகாசம் கிடைத்தது. அந்த இடத்துக்கு எது தேவையோ அதை அனுசரித்து வந்தார்கள், போனார்கள். நான் வருவதும் போவதும் என் உடம்புச் சூட்டை அனுசரித்து. கோவையில் வெயில் கொளுத்தினால் வருவேன். இங்கே மழை பிடித்தால் ஓடுவேன். அந்த மலைக்கு எந்த மாதம் கஷ்டமோ அந்த மாதத்தில் நான் இருக்கமாட்டேன். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்குமேல் மாண்டார்கள். 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் பக்கத்து வயநாட்டில் ஊர்கள் சேற்றோடு போயின. அந்த மாதங்களில் அங்கே இருந்தவர்கள், இருந்தே தீரவேண்டியவர்கள். என் போன்றவர்களின் வீடுகள் அந்த ராத்திரிகளில் பூட்டித்தான் இருக்கும்.

மழைக்குப் பயப்படுகிறவன் வீட்டைச் சின்னதாகக் கட்டுவான். எந்த ஓடை எங்கே திரும்பும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு ஒதுங்கிக் கட்டுவான். கூரை ஒழுகினால் நாளைக்கே ஏறுவான். அந்தப் பயமும் அந்த வேலையும்தான் வீட்டை நிலத்தோடு சேர்த்துத் தைக்கிற ஊசியும் நூலும் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லும் புல்லும் வெறும் துணி. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் போகிற வழி நெடுக, நிலம் மாற மாறக் குடிசையின் கூரையும் மாறிக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் ஈந்தின் இலை, இன்னோரிடத்தில் வரகு வைக்கோல். அது அலங்காரம் அல்ல. அந்த மண்ணில் பசித்தவர்கள் அந்த மண்ணில் விளைந்ததை எடுத்து மேய்ந்துகொண்டார்கள்.

ஊருக்குத் திரும்பி இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். அவன் கெட்டிக்காரன், சும்மா விடவில்லை. “சரி, மாமா. நீங்க கட்டலேன்னா அந்த நிலம் சும்மா கிடக்குமா? வேற ஒருத்தர் வாங்கிச் சரிவை வெட்டி, கண்ணாடியும் சிமெண்டுமா விடுதி கட்டுவார். மனசாட்சி இருக்கிறவங்க எல்லாம் விலகிட்டா, இல்லாதவங்களுக்குத்தானே இடம்?” என்றான்.

நியாயமான கேள்விதான். நான் இரண்டு நாள் பதில் தெரியாமல் தவித்தேன். அப்புறம், இந்த வாதத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைவுக்கு வந்தது. எங்கள் தாலுகா அலுவலகம் ஒன்றில் என் உறவினர் ஒருவர் வேலை பார்த்தார். “நான் வாங்காட்டி அடுத்த மேஜைக்காரன் வாங்கப்போறான். நானாவது குறைச்சு வாங்கறேன்” என்பார். குறைத்து வாங்கினார் என்பது உண்மை. வாங்கினார் என்பதும் உண்மை. இன்னொருவன் செய்யப்போகும் தப்பு, நான் செய்வதற்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. அவனைத் தடுக்க விதி இருக்கிறது, அதிகாரி இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது. என்னைத் தடுக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

அப்படியானால் மலையில் யாருமே வீடு கட்டக் கூடாதா? அப்படிச் சொன்னால் அதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை. தேயிலை பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவிட்டு, ஒப்பந்தப்படி கப்பலேறி வந்து, இந்த மலையில் மறுபடி கொழுந்து கிள்ளியவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். படுகர், கோத்தர், குறும்பர், இருளர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறுதியான சுவர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், நிமிர்ந்து போகிற வாசல் வேண்டும். அந்த வீடுகள் எதிர்க் கரையிலிருந்து பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று கேட்க எனக்குப் பாத்தியதை இல்லை. அங்கே பன்னிரண்டு மாதமும் இருக்கிறவன் தகரக் கொட்டகை போட்டாலும் அது அந்த மலையின் வீடு. இரண்டு மாதம் வருகிறவன் புல்லால் மூடினாலும் அது கோவையின் வீடு. மலையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியூர்க்காரன் ஓர் இடத்துக்குச் சொந்தமாகவே முடியாது என்றும் நான் சொல்லவரவில்லை. இலங்கையில் ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். 2003இல் கண்ணை மூடும்வரை, ஐம்பது வருஷத்துக்குமேல், அந்த ஒரே தோட்டத்தையும் வீட்டையும் செதுக்கிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தில் பிறந்த லாரி பேக்கர் இமயமலைப் பக்கத்துப் பித்தோராகட்டில் பல வருஷம் இருந்து, அங்குள்ளவர்கள் கல்லையும் மண்ணையும் எப்படி வைக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டார். பிறகு கேரளத்துக்கு வந்து, திருவனந்தபுரத்திலேயே தங்கி, அங்கேயே 2007இல் மறைந்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதைத் தம் தொழிலுக்கே வேதமாக வைத்துக்கொண்டவர் அவர். ஐந்து மைல் கணக்கைப் பலரும் பின்பற்றலாம். ஆயுளைக் கொடுக்கிற கணக்குத்தான் சிரமம்.

என் கதையை இங்கே முடித்தால், ஏதோ ஞானம் பெற்றுவிட்ட மனிதனைப்போல நான் உங்கள் முன் நிற்பேன். அது பொய். இந்தக் கட்டுரையை நான் மின்விளக்கு வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பைக்காரா நீரை மூவாயிரம் அடிக்குமேல் குழாய் வழியே இறக்கி, சிங்காரா மின்நிலையத்தில் 1932இல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் சமவெளிக்கு வந்த பிறகுதான் கோவையில் ஆலைகள் பெருகின. ஆலைகளால் ஊர் பெருகிற்று. ஊர் பெருகியதால் என் போன்றவர்களுக்குப் படிக்க வாசகசாலையும், புத்தகம் வாங்க நாலு பேரும் கிடைத்தார்கள். தோடர்கள் அந்த ஆற்றைத் தெய்வமாக நினைத்தவர்கள். 1901இல் அவர்களிடையே வந்து தங்கிப் பெரிய நூல் எழுதிய ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர், ஆற்றைக் கடக்கும்போது மரியாதைக்காக அவர்கள் போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்துக்கொள்வார்கள் என்று குறித்திருக்கிறார். அந்த ஆற்றில்தான் என் விளக்கு எரிகிறது. பெரியவரின் கூரையில் இல்லாத புல்லில் ஒரு பிடி என் மேஜைமேல் வெளிச்சமாக விழுந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடனை விளக்கை அணைத்துத் தீர்க்க முடியாது. இன்னும் ஏழு சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்ளாமல் இருப்பது மட்டும் என் கையில் இருக்கிறது.

பையனைக் கூப்பிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு வருத்தந்தான். ஆனாலும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். “பணத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருந்தீங்க, மாமா?”

இதுவரை உங்களிடமும் மறைத்துவிட்ட விஷயம் அதுதான். கோபிச்செட்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. தாத்தா கட்டியது. தொட்டிக்கட்டு வீடு. இரண்டடி கனத்தில் மண் சுவர். அந்த மண் எங்கள் குளத்து மண். சித்திரை வெயிலில் ஆசாரத்தில் பாய் விரித்துப் படுத்தால் விசிறி வேண்டாம். மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தொட்டியில் தண்ணீர் கொட்டும். சின்ன வயதில் அதில் கப்பல் விட்டிருக்கிறேன். வாசலில் ஒரு வேம்பு. அந்த வீட்டை விற்றுத்தான் பைக்காராவில் இயற்கையோடு இயைந்த வீடு கட்டுவதாக இருந்தேன். எங்கள் ஊர் வயலுக்குப் பாய்வதும் பவானித் தண்ணீர்தான். அதாவது, பைக்காராவில் நான் வீடு கட்டியிருந்தால் அதன் அழுக்கு மலையிறங்கி, மாயாறாகி, பவானியாகி, நான் விற்றுவிட்ட வீட்டின் வயலுக்கே வந்து சேர்ந்திருக்கும்.

பையன் சிரித்தான். அந்த வீட்டைப் பார்க்கவேண்டும், அளவெடுக்கவேண்டும் என்று இப்போது துடித்துக்கொண்டிருக்கிறான். ஓடு பிரித்து மேயவேண்டும். மேற்குச் சுவரில் கறையான் ஏறியிருக்கிறது. அந்த வேலை தெரிந்த கொத்தனார் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். நான் உற்சாகமாகத் திட்டம் போட்டேன். மலை வேண்டாம், நம் மண்ணே நமக்குப் போதும் என்று மனைவியிடம் பெரிய பிரசங்கமே செய்தேன்.

அவள் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பைக்காராப் பெரியவரைப் பற்றி நான் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“ரொம்ப நல்லது. போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்குத் திறந்த வீடு” என்றாள். “அங்கே எத்தனை மாசம் இருப்பீங்க?”

பதில் சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறேன்.